பொட்டு வைத்த உறைகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நில அளவைத் துறையில் இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகும் ஒருவர் சாந்தமாக இருக்கிறார் என்றால், அவர் வயலுக்கே போனதில்லை என்று அர்த்தம். அரை அடி வரப்புக்காக அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் மண்வெட்டியோடு நிற்பார்கள். நடுவில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அங்கே மெதுவாகப் பேசினால் எல்லைக்கல் நட முடியாது, நம்மைத்தான் நட்டுவிட்டுப் போவார்கள். அதனால் சத்தம் போடுவது எனக்குத் தொழில். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அது போன ஆயுத பூஜை அன்று, மதுரை ஆனையூரில் என் வீட்டுக் கூடத்தில், என் அம்மாவிடம் போட்ட சத்தம். காரணம் காசு. செலவழிக்கிற காசு இல்லை, உறை பிரிக்காமல் நான் சேர்த்து வைத்திருக்கிற காசு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தலைவருக்கு நூற்றாண்டு, ஒரு துறைக்குப் பொன்விழா என்று வந்தால் அரசாங்க நாணயச் சாலையில் அதற்கென்று தனியாகக் காசு அடிப்பார்கள். கடையில் புழங்குவதற்காக இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னும். கனமான அட்டையில் வட்டமாகக் குழி வெட்டி, காசை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முன்பதிவு செய்தவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். சிலது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியிலும் வரும். எங்களைப் போலச் சேர்ப்பவர்கள் அந்த உறையைப் பிரிக்கவே மாட்டோம். காசுக்குப் பாதி மதிப்பு என்றால் உறைக்குப் பாதி மதிப்பு. உறை பிரிந்துவிட்டால் அது பத்தோடு பதினொன்றுதான்.

நான் மேலூர் பக்கத்துக்காரி. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டாள், களை எடுத்தாள், கதிர் அறுத்தாள். அந்த வீட்டுப் பெண் இன்றைக்கு அதே வயல்களுக்குள் இறங்கி, "இதுதான் உங்க எல்லை" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். இதில் எனக்கு இருக்கிற பெருமையை மறைக்கிற அளவுக்கு அடக்கமானவள் இல்லை நான்.

சின்ன வயதில் என்னிடம் வந்து சேர்ந்த எதுவும் புதிதாக வந்ததில்லை. பாவாடை யாரோ உடுத்தியது. நோட்டு, யாரோ பாதி எழுதிய நோட்டில் மிச்சத் தாளைக் கிழித்துத் தைத்தது. ஜாமெட்ரி பாக்ஸில் கவராயம் இருக்கும், அதன் முள் இருக்காது. காசு விஷயம் இன்னும் மோசம். எங்கள் ஊர்க் கடையில் மிச்சக் காசை எங்கள் கையில் தரமாட்டார்கள். அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கடைக்காரர் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே, பலகையில் வைப்பார். பலகை ஈரமாக இருந்தால் காசு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். சேற்றில் கிடந்து கிடந்து அம்மாவுக்கு நகம் நின்றதே இல்லை. அதனால் நான்தான் நெம்பி எடுப்பேன். அப்போது என் கண் பலகைக்கு நேராக இருக்கும். அந்தப் பலகையில் எத்தனை ஆணி அடித்திருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், அலுவலகத்தில் யாரோ மேசையில் விட்டுப்போன செய்தித்தாளில் இந்தக் காசு முன்பதிவு விளம்பரத்தைப் பார்த்தேன். படிவம் நிரப்பி, வங்கியில் டிராஃப்ட் எடுத்து அனுப்பினேன். அனுப்பியதையே மறந்துபோன பிறகு ஒருநாள் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வந்தார். என் பெயரைச் சொல்லி, "கவர்மென்ட்டுலருந்து பார்சல் வந்திருக்கு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். துணி வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை குத்திய பார்சல். உள்ளே ஒரு பச்சை அட்டை உறை. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நூறு ரூபாய் வெள்ளிக் காசு.

"பிரிச்சுப் பாக்கலயா தாயி?" என்றாள் அம்மா.

"பிரிக்கக் கூடாதும்மா. இது யாரு கையும் படாத காசு."

அம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, உறையின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கிப் பார்த்தாள். அடுத்தவர் கை படாத ஒரு சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். வேறு கதையெல்லாம் கிடையாது.

அதன் பிறகு உறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆனையூரில் வீடு கட்டினேன். அம்மாவைக் கூட்டி வந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களை நான் அளக்கப் போகிற இடத்திலேயே நிறுத்திவைத்து விடுவேன், இங்கே அது வேண்டாம். பீரோவில் மேல்தட்டு முழுக்க உறைகள், மொத்தம் இருபத்தெட்டு. ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்கள் போட்டு வைத்திருந்தேன், எடுக்கும்போதெல்லாம் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்வேன். அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "செல்லாக் காசுக்கு எம்புட்டுக் காவல் பாரு" என்று அம்மா கேலி செய்வாள். ஆனால் சட்டத்தை மீறியதில்லை.

மதுரையில் காசு சேர்ப்பவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். பல வருடம் நான் டிக்கெட் வாங்கி உள்ளே போய் அடுத்தவர் மேசைகளைச் சுற்றி வந்தவள். "இது எங்க தாத்தா காலத்துச் சேகரிப்பு" என்று பாதிப் பேர் சொல்வார்கள். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு கதிரறுவாள்தான். போன வருடம், உறை பிரிக்காத நாணயச் சாலைக் காசுகளுக்கென்று தனியாக ஒரு போட்டிப் பிரிவு வைத்தார்கள். அதற்குத் தாத்தா தேவையில்லை. நான் பெயர் கொடுத்தேன். மேசை எண்ணும் வந்துவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால், என் சம்பளத்தில் நானே வாங்கி, கசங்காமல் கிழியாமல் காப்பாற்றிய இருபத்தெட்டு உறைகளோடு நிற்க வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் ஆசை. நின்றால் பரிசும் எனக்குத்தான் என்று ஒரு தலைக்கனமும் இருந்தது.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்னால் ஆயுத பூஜை வந்தது. லீவு நாள் ஆயிற்றே என்று காலையிலேயே உறைகளை எல்லாம் எடுத்துக் கூடத்தில் பாயை விரித்து வருட வரிசைப்படி பரப்பினேன். அதற்குள் பொரி வாங்கவில்லை, செவ்வந்திப் பூ போதாது என்று அம்மா குரல் கொடுத்தாள். பூஜைக்காக வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்ததால் நடந்தே கடைத்தெருவுக்குப் போனேன். அன்றைக்குப் பூக்கடையில் நிற்கிற கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் என் இரும்பு நாடா, ஸ்கேல் பெட்டி, மடிக்கணினி, அம்மாவின் கதிரறுவாள், அரிவாள்மனை, மிக்சி. அவற்றுக்கு முன்னால், நான் பரப்பியதைவிட நேராக, ஏழேழாக நான்கு வரிசையில் என் இருபத்தெட்டு உறைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் ஈரம் சொட்டுகிற ஒரு செவ்வந்திப் பூ. மாவிலையால் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தாள். அம்மாவுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"எல்லாத்துக்கும் வச்சுட்டேன். வண்டிக்கு மட்டும் நீ வச்சுரு, என்னால குனிய முடியல."

"இதுக்கு எதுக்கு வச்ச?"

"நீதான எடுத்துப் பரப்பி வச்சிருந்த. பூசைக்குன்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குரல் இறங்கியது. "உன்னோடது எல்லாத்துக்கும் வச்சுட்டு இதுக்கு மட்டும் வைக்காம விட்டா, இது என்ன பாவம் பண்ணுச்சு?"

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஆயுத பூஜை அன்று ஒரு வீட்டில் ஒரு சாமானை எடுத்துக் கூடத்தில் பரப்பினால் அது பூஜைக்குத்தான். தப்பு என்னுடையது. ஆனால் அந்த நேரத்தில் நியாயம் யாருக்கு வேண்டும்? நான் கத்தினேன்.

"உன்னைய யாரு இதைத் தொடச் சொன்னா? தொடாத தொடாதன்னு எத்தனை தடவ சொல்றது?"

அம்மா சந்தனம் ஒட்டியிருந்த விரல்களை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்படி வாசலில், எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். எங்கே எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பது அவளுக்கு அளந்தாற்போலத் தெரிந்திருந்தது. சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் 'தொடாத' என்கிற அந்த வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் வேறு பல தொண்டைகளிலிருந்து கேட்டிருக்கிறோம்.

இருந்தும், ஈரம் ஊறுவதற்குள் எடுத்துத் துடைத்துவிடலாம் என்று குனிந்து கையை நீட்டினேன்.

"எடுக்காத," என்றாள் அம்மா, அங்கிருந்தே. "பூசையில வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு வெளக்கேத்திட்டு எடுத்துக்க."

அது ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம். கருவிகளுக்கு அன்று ஒருநாள் ஓய்வு. விஜயதசமிக் காலையில் மறுபடி தீபம் காட்டிவிட்டுத்தான் எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனாலும் நீட்டிய கையை என்னால் உறைவரைக்கும் கொண்டுபோக முடியவில்லை. அப்போதுதான் கத்தியிருந்தேன், அதற்குமேல் அவள் பூஜையையும் கலைக்கத் துணிவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அந்த நாளில் பூஜையில் வைத்த ஒரு தாளைக்கூட நான் புரட்டியதில்லை. பத்தாயிரம் மனுவைப் பார்த்தவளுக்கு அந்த ஒரு சட்டத்தை மீற வரவில்லை. வெளியே போய் வண்டிக்குப் பொட்டு வைத்தேன். சுண்டல் தின்றேன், உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. உள்ளே என் உறைகள் சந்தனத்தைக் குடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை தீபம் காட்டி எடுத்தேன். பிளாஸ்டிக் பெட்டியில் இருந்த பதினொன்றும் துடைத்ததும் பழையபடி ஆகிவிட்டன. அட்டை உறை பதினேழு. அவற்றில் சந்தனம் எண்ணெய்க் கறையாக இறங்கி, குங்குமச் சாயம் ஓடி, அட்டை உப்பியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம் அந்தப் பச்சை உறை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அன்றைக்குத் தபாலில் வந்தது எது என்று தெரியும். அதற்கு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிய பொட்டாக வைத்திருந்தாள், பூவும் இரண்டு. அந்த ஈரத்தில் பிளாஸ்டிக் தாளின் ஓரம் பிரிந்து, தண்ணீர் உள்ளே போய், வெள்ளிக் காசின் விளிம்பில் டீக்கறை மாதிரி ஒரு கறை.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சோறு போட்டாள், பேசினாள். ஆனால் பீரோவைத் தாண்டிப் போகும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். கேலியா, நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

பதினேழு உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு, டவுனுக்குள் ஒரு மாடியில் பழங்காசுக் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் போனேன். பல வருடப் பழக்கம். காசு பிடிக்கிற முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். எங்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. காசைக் கைக்குக் கை மாற்ற மாட்டோம், தவறி விழுந்தால் விளிம்பு நசுங்கிவிடும். ஒருவர் மேசைமேல் துணியில் வைக்க வேண்டும், மற்றவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை அந்தக் கடைக்குப் போனபோது நான் கையை நீட்ட, அவர் காசைத் துணியில் வைத்தார். எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. எழுந்து வரப் போனேன். அப்புறம்தான் எல்லாருக்கும் அப்படித்தான் என்று விளங்கிற்று.

பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார். "என்ன சர்வேயரம்மா, எல்லாம் கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார்.

"பச்சையைப் பிரிச்சே ஆகணும். இல்லன்னா கறை உள்ள பரவிரும். மத்த காசுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா இந்த உறையோட போட்டியில வைக்க முடியாது. எல்லாத்தையும் பிரிச்சுக் காசைத் தனித்தனி டப்பாவுல போட்டு வச்சுக்கலாம், மதிப்பு பாதியாயிரும்." கொஞ்சம் யோசித்தார். எழுந்துபோய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். "இல்லன்னா இப்படிப் பண்ணலாம். இதெல்லாம் வெறும் உறை. காசை மட்டும் கேக்குறவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த மிச்சம். உங்க காசை எடுத்து இதுல போட்டு ஓரத்தை ஒட்டித் தாரேன். அடிச்சவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

அந்தப் பெட்டியில் என் பச்சை உறையைப் போலவே ஒன்று இருந்தது. கறையில்லாத, முனை மழுங்காத உறை. அதை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது. அந்த மேசை எண், அந்தப் பரிசு, தாத்தாக்கள் இல்லாமலே ஜெயிக்கிற அந்த நிமிடம், எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தன. 'சரிண்ணே, ஒட்டிருங்க' என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போது உறையின் உள்பக்கத்தைப் பார்த்தேன். பிளேடால் கீறிப் பிரித்த தடம் மெல்லிசாகத் தெரிந்தது. யாரோ பிரித்துப் போட்டது. என் காசை அடுத்தவர் கழற்றிப் போட்ட சட்டைக்குள் நுழைக்கப் போகிறேன் என்று தோன்றியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது, அண்ணன் மேல் இல்லை, என் மேல். அப்படி உடுத்தியதெல்லாம் சின்ன வயதிலேயே போதும். தவிர, கல்லை நகர்த்தி நட்டுவிட்டு "அப்ப இருந்தே இங்கதாங்க இருக்கு" என்று சாதிக்கிறவர்களை எத்தனை வயலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்? அதே வேலையை நான் செய்வதா?

"வேண்டாம்ணே. இது எங்கம்மா வச்ச பொட்டு. இதோடயே வைக்கிறேன்."

"பரிசு கெடைக்காது, பாத்துக்கங்க."

"கெடைக்காட்டிப் போகுது. வாரேன்."

படியிறங்கும்போது என் நடை எனக்கே பிடித்திருந்தது. பரிசை வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு மிதப்பு இருக்கத்தான் செய்கிறது.

சங்கச் செயலாளரிடம் பேசினேன். நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. கறை பட்ட உறைக்குப் போட்டியில் இடமில்லை என்றார். விதி பேசியே சோறு தின்கிறவள் நான், அவரோடு எப்படிச் சண்டை போடுவது? போட்டிக்கு வெளியே, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பச்சை உறையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இதைப் பிரிக்கணும். நீ பிரி."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் தொடலாமா?"

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயலில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், வார்த்தை சரியாக வரவில்லை.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. புத்தி கெட்டுப் பேசிட்டேன். நீ தொடாம வேற யாரு தொடுறது?"

"அதுக்கு எதுக்கு அழுகுற? குடு இங்க," என்றாள்.

பிரிந்திருந்த ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். அம்மாவுக்கு இப்போது நகம் இருக்கிறது. நடவை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, நல்ல நீளமாக, ஆரோக்கியமாக வளர்ந்திருக்கிறது. நான் அதுவரை கவனித்ததே இல்லை. தாள் உரிந்து வந்தது. காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுக் கனமாவா இருக்கு?"

கட்டைவிரலால் அதன் முகத்தைத் தடவினாள். கண்ணாடிப் பரப்பில் அவள் ரேகை அப்படியே பதிந்தது. அது ஒருநாளும் போகாது. பழைய ஆளாக இருந்தால் நெஞ்சு நின்றிருக்கும். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்காட்சி அன்று அம்மா அரக்குக் கலர் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மேசையில் பதினொரு பெட்டிகளும் பதினாறு உறைகளும். உறைகளுக்கு முன்னால் ஒரு அட்டையில் இப்படி எழுதி வைத்தேன்: 'உறையின் நிலை: சந்தனமும் குங்குமமும் பட்டவை. வைத்தவர்: என் அம்மா.' வெறும் பச்சை உறையையும் அதன் காசையும் தனியாக ஒரு துணியில் வைத்தேன். எல்லா மேசைக்கும் சங்கம் ஒரு பலகை தந்திருந்தது. எங்கள் மேசையிலும் இருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

"தொடாதீர்கள்னு எழுதியிருக்கு."

அம்மா அதை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். முதலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து எட்டிப் பார்த்தது. அம்மா வெள்ளிக் காசை எடுத்து அதன் உள்ளங்கையில் வைத்து, "தூக்கிப் பாரு, எம்புட்டுக் கனம்னு" என்றாள். அந்தப் பெண் போய் அதன் வகுப்பையே கூட்டி வந்தது. அப்புறம் சாப்பிடப் போகிறவர்கள் நின்றார்கள், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தவர்கள் நின்றார்கள். சுற்றிலும் கண்ணாடிக்குள் ஆயிரம் காசு இருந்தது. கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தது இந்த ஒன்றுதான். "என் மக வாங்குனது. மொத சம்பளத்துல வாங்குனது" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இரண்டாம் வருடம் என்று நான் திருத்தவில்லை.

செயலாளர் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், கைரேகையெல்லாம் விழுது. அம்மாகிட்ட சொல்லுங்க."

"அது அவங்க காசுங்க. அவங்க இஷ்டம்," என்றேன். அந்த மண்டபத்தில் பரிசு வாங்கியவர்கூட அன்றைக்கு என்னளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, கழுத்தில் தொங்குகிற பூதக்கண்ணாடி. பெரிய சேகரிப்பாளர் என்று பார்த்ததும் தெரிந்தது. அம்மா காசைக் கொடுத்தாள். அவர் விளிம்பைப் பிடித்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாவம், நல்ல பீஸ்" என்று என்னிடம் சொன்னார். திருப்பி வாங்க அம்மா கையை நீட்டினாள். அவர் காசை அந்தக் கைக்குப் பக்கத்தில், மேசைத் துணியில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

அவர் மேல் தப்பில்லை. காசு பிடிக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் வைப்போம். நானே அப்படித்தான் வைப்பேன். ஆனால் அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. அவசரமாக அந்தக் காசை எடுத்து அவளிடம் கொடுக்க நான் எழுந்தேன்.

"ஐயா," என்றாள் அம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கையில குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கத்தவும் இல்லை. கத்துவதெல்லாம் என் பழக்கம். கையை மடக்காமல், இறக்காமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நொடி நின்றார். திரும்பி வந்து, துணியிலிருந்து காசை எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா விரல்களை ஒரு தடவை மூடித் திறந்தாள். வரிசையில் அடுத்து நின்றவரின் கையில் அதை வைத்து, "தூக்கிப் பாருங்க" என்றாள்.